பொருந்தாதவர்களுக்கான கட்டம்

சில வருடங்களுக்கு முன் ஒரு கடன் நிறுவனத்துக்காக வாட்ஸ்அப் சாட்பாட் அமைத்தோம். தவணைத் தேதி நெருங்கினால் மென்பொருள் தானாகவே செய்தி அனுப்பும். வாடிக்கையாளரின் பதிலிலிருந்து எப்போது கட்டுவார் என்ற தேதியை பாட் பிடித்துக்கொள்ளும். அந்தத் தேதி அடுத்த வேலைக்குப் போகும். நேரலைக்குப் போன இரண்டாவது வாரம், பதிவுகளைப் புரட்டும்போது இது கண்ணில் பட்டது.

“அவர் தவறிட்டார் சார். பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சதும் கட்டிடுறேன்.”

“நன்றி! எந்தத் தேதியில் கட்டுவீர்கள்?”

அந்த அம்மா ஒரு தேதியை எழுதியிருந்தார். எங்கள் டாஷ்போர்டில் அந்த உரையாடலுக்குப் பச்சை நிறம். வெற்றி.

நிரலில் பிழை இல்லை. ‘கட்டிடுறேன்’ என்று வந்தால் தேதி கேள் என்று சொல்லியிருந்தோம், கேட்டது. அப்புறம் ஏன் அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரலை? அதைத் தேடப்போய்தான் இந்த வரலாற்றுக்குள் விழுந்தேன்.

சாட்பாட் என்றதும் எல்லோரும் ஜோசப் வைசன்பாமிலிருந்து தொடங்குவார்கள். 1923இல் பெர்லினில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1936இல் குடும்பத்தோடு ஹிட்லரின் ஜெர்மனியைவிட்டு அமெரிக்கா போனவர். எலிசாவுக்கு முன் அவர் செய்த வேலையை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. 1950களில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில், பேங்க் ஆஃப் அமெரிக்காவின் காசோலைகளைக் கையாள ‘எர்மா’ என்ற கணினியை உருவாக்கிய குழுவில் இருந்தார். நம்ம ஊர் செக்கின் அடியில் கோணல்மாணலாக அச்சாகியிருக்கும் எண்கள் இருக்கே, அந்தக் காந்த மை முறை வளர்ந்தது எர்மாவோடுதான். ஆக, முதல் சாட்பாட்டை எழுதியவர் அதற்கு முன்பே வங்கி குமாஸ்தாவின் வேலையைத் தானியங்கியாக்கியவர்.

பிறகு எம்.ஐ.டி. (குரோம்பேட்டை இல்லை, மாசசூசெட்ஸ்) போய் 1966இல் எலிசா பற்றிய கட்டுரையை வெளியிட்டார். எலிசா மனநல மருத்துவர் போலப் பேசும். முக்கியச் சொல்லைப் பிடித்து, வாக்கியத்தைத் திருப்பிக் கேள்வியாக்கும். எதுவும் பிடிபடாவிட்டால் ‘மேலே சொல்லுங்கள்’ என்கிற மாதிரி ஏதாவது சொல்லிவைக்கும். அவ்வளவுதான். ஆனால், அவர் அதை மாதக்கணக்கில் எழுதுவதைக் கூடவே இருந்து பார்த்த அவருடைய செயலாளர், எலிசாவோடு சில வரிகள் பேசியதும், ‘நீங்கள் கொஞ்சம் வெளியே இருங்கள்’ என்று அவரையே அனுப்பிவிட்டார். வைசன்பாம் ஆடிப்போனார். கணினியால் முடிந்தாலும் அதனிடம் ஒப்படைக்கக் கூடாத வேலைகள் உண்டு என்று 1976இல் ஒரு புத்தகமே எழுதினார்.

எலிசாவை வைத்து வியாபாரம் செய்ய முடியாது. அது கேட்கும், எதையும் செய்யாது. செய்வதற்கான வழி 1977இல் வந்தது. ஜெராக்ஸின் பாலோ ஆல்டோ ஆய்வுக்குழு வெளியிட்ட ‘கஸ்’ ஒரு விமானப் பயண முகவர். கலிஃபோர்னியாவுக்குள் ஓர் ஊருக்குப் போய்த் திரும்பும் பயணம் பற்றி மட்டும் பேசும். அதன் உள்ளே இருந்தது ஒரு படிவம். எந்த ஊர், எந்தத் தேதி, எத்தனை மணி என்று காலிக் கட்டங்கள். எது காலியோ அதைக் கேட்கும். கேட்காததை நீங்களே முந்திச் சொன்னாலும், அதற்குரிய கட்டத்தில் போட்டுக்கொள்ளும். இன்றைக்கு நாங்கள் ‘ஸ்லாட்’ என்று சொல்வது இந்தக் கட்டத்தைத்தான்.

2000இல் தொலைபேசிக் குரல் சேவைகளுக்காக வாய்ஸ்எக்ஸ்எம்எல் என்ற மொழி வந்தது. ஏ.டி.அண்ட்.டி., ஐ.பி.எம்., லூசென்ட், மோட்டோரோலா நான்கும் சேர்ந்து தொடங்கிய அமைப்பு உருவாக்கியது. அதிலும் ‘ஃபார்ம்’, ‘ஃபீல்டு’ என்றே பெயர்கள். கூடவே ‘நோமேட்ச்’ என்று ஒன்று வைத்தார்கள். பேசுபவர் சொன்னது எதிலும் பொருந்தாவிட்டால் என்ன செய்வது என்று எழுதும் இடம். பெரும்பாலும் அங்கே ஒரே வரிதான் இருக்கும்: ‘மன்னிக்கவும், புரியவில்லை. மீண்டும் சொல்லுங்கள்.’

எரிச்சலான வரிதான், ஆனால் நேர்மையானது. புரியலைன்னா புரியலைன்னு சொன்னது.

இன்னொரு பக்கம், கால் சென்டர்காரர்களுக்கு ‘கன்டெயின்மென்ட்’ என்று ஓர் அளவுகோல் உண்டு. எத்தனை பேர் மனிதரிடம் போகாமல் இயந்திரத்தோடேயே முடித்துக்கொண்டார்கள் என்ற கணக்கு. நேரடியாகச் சொன்னால், உள்ளேயே அடைத்துவைத்தல். 2016இல் ஃபேஸ்புக் மெசஞ்சரும் 2018இல் வாட்ஸ்அப்பும் வணிக பாட்களுக்குக் கதவைத் திறந்தபோது, படிவத்தோடு இந்த அளவுகோலும் சின்னச் சின்ன நிறுவனங்கள் வரைக்கும் வந்து சேர்ந்தது. எங்கள் பச்சை நிறத்தின் பூர்வீகம் அதுதான்.

பாட் தரும் வாக்கும் பின்னால் நடக்கும் வேலையும் ஒட்டாமல் போனால் என்ன ஆகும்? 2022இல் ஏர் கனடா பாட்டிடம் ஒருவர், இறந்துபோன தன் பாட்டிக்காகப் போகும் பயணத்துக்குக் கட்டணச் சலுகை கேட்டார். டிக்கெட் வாங்கி 90 நாட்களுக்குள் விண்ணப்பிக்கலாம் என்றது பாட். விண்ணப்பித்தார். அப்படி விதியே இல்லை என்றது நிறுவனம். வழக்கு வந்தபோது, பாட் தன் செயலுக்குத் தானே பொறுப்பான தனி அமைப்பு என்கிற தொனியில் வாதாடியது. 2024 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியா தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை. பாட் சொன்னாலும் அது நிறுவனம் சொன்னதுதான் என்று, கட்டணத்தையும் சேர்த்து 812 டாலர் தரச் சொன்னது.

இப்போது பெரிய மொழி மாதிரிகள் வந்துவிட்டன. ‘நோமேட்ச்’ கிட்டத்தட்ட காணாமல் போய்விட்டது. எதைச் சொன்னாலும் சரளமாக, கனிவாக ஒரு பதில் இருக்கிறது. துக்கத்துக்கு அழகாக வருத்தம்கூடத் தெரிவிக்கும். ஆனால், பின்னால் இருக்கும் வேலைத்தொடருக்கு வேண்டியது அதே கட்டங்கள்தான். பெயர், தேதி, தொகை. வருத்தம் தெரிவித்த கையோடு தேதியைத்தான் அனுப்பிவைக்கும்.

நாங்கள் ஒரு கிளையைச் சேர்த்தோம். மரணம், ஆஸ்பத்திரி, வேலை போனது பற்றி ஏதாவது வந்தால் பாட் தேதி கேட்காது. உரையாடலை நிறுத்தி ஒரு மனிதரிடம் கொடுத்துவிடும். “கன்டெயின்மென்ட் குறையுமே?” என்று கேட்டார்கள். குறைந்தது. நிறுவனத்துக்குப் புரியவைக்க நாலு மீட்டிங் ஆனது.

அந்தக் கிளைக்குப் பொறுப்பாக வந்த அக்காவிடம் நான் முதலில் கொடுத்தது அந்த அம்மாவின் எண்ணைத்தான். கூப்பிட்டுப் பதினைந்து நிமிஷம் பேசினார். பாட் வாங்கிவைத்திருந்த தேதியை அழித்தார். வேறென்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. அதற்கென்று ஒரு கட்டமும் வைக்கவில்லை.