காணாத அணுவும் காத்திருந்த விடையும்

பனிக்கட்டி உருகி நீராகிறது. நீர் கொதித்து ஆவியாகிறது. திண்மத்தில் துகள்கள் இருந்த இடத்திலேயே அதிர்கின்றன, திரவத்தில் ஒன்றையொன்று நழுவிச் செல்கின்றன, வாயுவில் கட்டறுந்து பறக்கின்றன என்பதை இன்று பள்ளிச் சிறுவரும் அறிவர். ஆனால் அத்துகள்கள் உண்மையிலேயே உள்ளனவா என்ற கேள்வி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் ஐரோப்பிய அறிஞர்களைப் பிரித்து வைத்திருந்தது.

வியன்னாவில் 1844இல் பிறந்த லுட்விக் போல்ட்ஸ்மான் அணுவின் பக்கம் நின்றவர். வெப்பம் என்பது எண்ணற்ற துகள்களின் ஒழுங்கற்ற இயக்கமே என்ற கொள்கையைக் கணிதமாக வளர்த்தெடுத்தார். சூடான பொருள் ஆறுவதற்கும் கலந்தவை தாமாகப் பிரியாததற்கும் காரணம் நிகழ்தகவே என்றார். எதிரே நின்றவர்களும் எளியவர்கள் அல்லர். புலனுக்கு எட்டாததை இருப்பதாகக் கொள்வது அறிவியலாகாது என்பது எர்ன்ஸ்ட் மாக்கின் நிலை. ஆற்றலே அடிப்படை, அணு தேவையற்ற கற்பிதம் என்பது வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்டின் வாதம். 1895இல் லூபெக் நகரில் ஆஸ்ட்வால்டும் போல்ட்ஸ்மானும் நேருக்கு நேர் மோதினர்.

மாக்கின் ஐயத்தை வெறும் பிடிவாதம் என்று ஒதுக்கிவிட முடியாது. நியூட்டனின் தனிமுதல் வெளியைக் கேள்விக்குள்ளாக்கியதும் அதே அளவுகோல்தான். அதிலிருந்து கற்றவர்களில் ஒருவர் இளம் ஐன்ஸ்டைன். மாக் மறுத்த அணுவுக்குச் சான்று தேட வழி வகுத்தவரும் அவரே.

விடையோ நுண்ணோக்கியின் அடியில் நெடுங்காலம் காத்திருந்தது. 1827இல் ராபர்ட் பிரவுன், மகரந்தத்திலிருந்து வெளிப்பட்ட நுண்துகள்கள் நீரில் ஓயாமல் துள்ளுவதைக் கண்டார். உயிரின் துடிப்போ என ஐயுற்று, உயிரற்ற பொருள்களையும் பொடித்துப் பார்த்தார். ஸ்பிங்க்ஸ் சிலையின் கல்துணுக்கும் அவற்றுள் ஒன்று. அதுவும் துள்ளியது. நீர் மூலக்கூறுகளின் மோதலே காரணமாயின், துகள் நகரும் சராசரித் தொலைவு நேரத்தின் வர்க்கமூலத்துக்கேற்ப வளரவேண்டும் என்று 1905இல் ஐன்ஸ்டைன் கணித்தார். 1908 முதல் பாரிஸில் ழான் பெரன், மரப்பிசினின் நுண்மணிகளை எண்ணியும் அளந்தும் அதனை மெய்ப்பித்தார். ஆஸ்ட்வால்ட் தம் தோல்வியை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்.

போல்ட்ஸ்மான் அதைக் காண இருக்கவில்லை. நெடுநாள் மனச்சோர்வால் வருந்திய அவர், 1906 செப்டம்பர் 5 அன்று ட்ரியெஸ்ட் அருகே துயினோவில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அணுவின் எதிரிகளே அவரைக் கொன்றனர் என்பது கதைக்குப் பொருந்தும். வரலாறு அத்தனை எளிதன்று.

வியன்னாவில் அவர் கல்லறையில் ஒரு சமன்பாடு பொறிக்கப்பட்டுள்ளது. கருத்து அவருடையது. அதை அந்த வடிவில் எழுதியவர், இளமையில் அணுக்கொள்கையை ஐயுற்ற மாக்ஸ் பிளாங்க்.