கடல் கடந்த தொழிலாளரும் அவரைக் காணச் சென்றோரும்

பொருள் தேடிப் பிறநாடு செல்லுதல் தமிழர்க்குப் புதிதன்று. பொருள்வயிற் பிரிவு என ஒன்றை வகுத்துப் பாடினர் நம் பழம்புலவர். ஆயின் அப்பாட்டுக்களிற் பிரிந்து சென்ற தலைவன் கார்காலத் தொடக்கத்தில் மீள்வேன் என்று உறுதி கூறிச் சென்றான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் நாட்டினின்றும் கூலித் தொழிலுக்காகக் கடல் கடந்த ஏழை மக்களுக்கோ மீளும் காலம் இன்னதென்று சொல்வாரில்லை. அவருட் பலர் மீளவே இல்லை. அவர்கள் சென்ற வரலாற்றையும், பின்னர் அவர்களைத் தேடிச் சென்று கண்ட சிலருடைய வரலாற்றையும் நம் சங்கத்து அன்பர்களும் அவர்தம் குடும்பத்தாரும் அறிதல் நலமென்று கருதி இக்கட்டுரையை வரையலானோம்.

நம் கிருஷ்ணன்கோவிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களும் வானம் பார்த்த நிலமும் கண்மாய்ப் பாசனமும் உடையவை. ஸ்ரீவில்லிபுத்தூர்த் தாலுகா 1910 வரை திருநெல்வேலி ஜில்லாவிலும், அதன்பின் இராமநாதபுரம் ஜில்லாவிலும், 1985 முதல் இன்றைய விருதுநகர் மாவட்டத்திலும் அடங்கியது. மழை பொய்த்துக் கண்மாய் வறண்டால் நிலமற்ற குடிகளுக்குப் பிழைப்பு இல்லை. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வருத்திய பெரும் பஞ்சம் எண்ணிறந்தோரை வீடு விட்டு வெளியேற்றியது. திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், சேலம், மதுரை, புதுக்கோட்டை, இராமநாதபுரம் ஆகிய பகுதிகளினின்றே இலங்கைத் தோட்டங்களுக்கு மக்கள் மிகுதியாகச் சென்றனர்.

முதலில் அங்கே பயிரானது காப்பி. அதன் அறுவடைக் காலத்துக்கு மட்டும் சென்று மீள்வோர் பலர். 1869-இல் காப்பிச் செடியை இலைநோய் பற்றியது. சில ஆண்டுகளில் தோட்டங்கள் அழிந்தன. 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் என்னும் துரை லூல்கந்துரையில் தொடங்கிய தேயிலைப் பயிரே பின்பு மலைநாடு முழுவதும் பரவிற்று. தேயிலைக் கொழுந்து ஆண்டு முழுவதும் கிள்ளப்படுவது. ஆதலின் தொழிலாளரும் ஆண்டு முழுவதும் அங்கேயே தங்க வேண்டியவராயினர். மன்னாரில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து சென்ற காலத்தில், நோயாலும் பசியாலும் வழியிலே மாண்டவர் பலர். 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டுத் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பற்போக்குவரவு ஏற்பட்டபின் பயணம் எளிதாயிற்று, வாழ்வு எளிதாகவில்லை.

இம்மக்களைத் திரட்டிச் சென்றவர் கங்காணி எனப்பட்டார். அவர் அயலார் அல்லர். பெரும்பாலும் அதே ஊரினர், அல்லது உறவினர். ஊரில் உள்ள கடனை அடைக்கவும் வழிச்செலவுக்கும் அவர் முன்பணம் கொடுப்பார். அப்பணம் தொழிலாளியின் பேரிற் கடனாக ஏறும். தன்கீழ் உள்ளோர் வேலைக்கு வரும் நாளுக்குத் தலைக்கு இவ்வளவு என்று கங்காணிக்குத் துரை காசு கொடுப்பார். தொழிலாளி தோட்டம் மாற வேண்டின், அவர் பட்ட கடனைக் குறித்த ‘துண்டு’ என்னும் சீட்டை வைத்துப் புதிய துரை அக்கடனைத் தீர்த்தல் வேண்டும். கடன் கைமாறும், அதனோடு மனிதரும் கைமாறுவர். இத்துண்டு முறை 1921-இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

இனி, இவ்வாறு கடல் கடந்தோரைக் கண்டு அவர் துயர் கேட்டவர் யாவர் என்று ஆராய்வோம். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் 1894-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளியாகிய பாலசுந்தரம் என்னும் தமிழர், முன்பற்கள் உடைந்து வாயினின்று உதிரம் ஒழுகத் தம் தலைப்பாகையைக் கையில் ஏந்திக்கொண்டு காந்தியடிகள் முன் வந்து நின்றார். அவரை அடித்தவர் அவருடைய வெள்ளைக்கார எஜமானர். அடிகளுக்கு அப்பொழுது தமிழ் தெரியாது. அவரிடம் குமாஸ்தாவாக இருந்த தமிழர் ஒருவர் செய்தியை எடுத்துரைத்தார். அடிகள் முதலில் அவரைத் தலைப்பாகையை அணிந்துகொள்ளச் செய்தார்; பின்னர் மருத்துவரிடம் அனுப்பிக் காயத்துக்குச் சான்று பெற்று, அவரை வேறோர் எஜமானரிடம் மாற்றுவித்தார். 1896-இல் அடிகள் சென்னைக்கு வந்து பேசியபோது, பாலசுந்தரத்தின் கதையே மக்கள் மனத்தை உருக்கிற்று. ஒரு தொழிலாளியின் துயரம் அவர் பிறந்த நாட்டுக்கு வந்து சேர்ந்தமையின் பயன் இது.

அடுத்து நாம் கூறப்புகுவது தஞ்சாவூர்க் கோ. நடேசையர் வரலாறு. வணிகம் பற்றிய பத்திரிகை ஒன்றை நடத்தி வந்த இவர், அதன் பொருட்டே இலங்கைக்குச் சென்றார். கொழும்பிலுள்ள தமிழ் வணிகரைக் கண்டு மீண்டிருப்பின் இன்று இவர் பெயரை அறிவார் இரார். இவருக்கோ மலைநாட்டிலுள்ள தம் நாட்டாரை நேரிற் காணவேண்டும் என்னும் வேட்கை எழுந்தது. அக்காலத்தில் துரையின் அனுமதியின்றி வெளியார் தோட்டத்தில் அடி வைத்தல் அத்துமீறல் என்னும் குற்றமாகும். தொழிலாளர் குடியிருந்த லயங்களும் துரையின் உடைமையே. தன் வீட்டுக்கு விருந்தினரை அழைக்கும் உரிமை தொழிலாளிக்கு இல்லை. ஆயினும் துணி விற்கும் வியாபாரிகளைத் தோட்டத்துள் விடும் வழக்கம் இருந்தது. அதனை அறிந்த நடேசையர் துணி மூட்டையைச் சுமந்து, புடைவை வியாபாரி போல உள்ளே புகுந்தார். காற்றோட்டமற்ற சிற்றறைகளையும், அவ்வறைகளில் நெருங்கி வாழ்ந்த குடும்பங்களையும், தீராக் கடனையும் கண்டார். கண்டதை அச்சிட்டு வெளிப்படுத்தினார்.

நடேசையர் பிராமணர். தோட்டத் தொழிலாளருட் பெரும்பகுதியினர் அக்காலத்தில் தீண்டத்தகாதார் என்று ஒதுக்கப்பட்ட வகுப்பினர். கடல் கடந்த பின்னும் லயங்களில் சாதி பிரித்தே குடியேற்றிய தோட்டங்கள் பல. அவ்விடத்தில் இவர் தம் வகுப்பார் எங்குளர் என்று தேடவில்லை. தமிழ் பேசித் துன்புறுவோர் அனைவரும் தம்மவர் என்றே கொண்டார். தேசநேசன், தேசபக்தன் முதலிய பத்திரிகைகளை நடத்தினார். சட்டசபையிற் புகுந்து வாதாடினார். 1931-இல் தோட்டத் தொழிலாளர்க்கென்று சம்மேளனம் நிறுவினார். இவர்தம் மனைவியார் மீனாட்சி அம்மையார் தொழிலாளர் துயரைப் பாட்டாக இயற்றிக் கூட்டங்களிற் பாடினார். 1927-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குறைந்த கூலி வரையறுக்கப்பட்டு 1929-இல் நடைமுறைக்கு வந்தது. மலைநாட்டில் நாளொன்றுக்கு ஆணுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் ஆக இருந்தது அக்கூலி. கொழுந்து கிள்ளுவதில் முதன்மையான பெண்ணுக்கே கூலி குறைவு என்பதை நோக்குக.

இதனோடு ஒப்பிடத்தக்க மற்றொரு பயணமும் உண்டு. 1936-இன் இறுதியில் வி. எஸ். ஸ்ரீநிவாச சாஸ்திரியார் இந்திய அரசாங்கத்தின் சார்பில் மலேயா சென்று இரப்பர்த் தோட்டத் தொழிலாளர் நிலையை ஆராய்ந்தார். அவர் பெரும் புலவர், நாவன்மை மிக்கவர், தமிழ் மண்ணிற் பிறந்தவர். கங்காணி முறை ஒழிய வேண்டும் என்றும் எழுதினார். ஆயினும் தொழிலாளரை அங்கு அனுப்புவதைத் தடுக்கக் காரணமில்லை என்பதே அவர் முடிபு. மலேயாவிலிருந்த இந்தியர் பலர்க்கு அது மனநிறைவு தரவில்லை. அதன்பின் கூலி குறைக்கப்படவே, 1938-இல் இந்திய அரசாங்கம் தொழிலாளரை அனுப்புதலைத் தடை செய்ய நேர்ந்தது. சாஸ்திரியாரது நேர்மையில் நாம் ஐயுறவில்லை. அரசாங்கத்தின் வாயில் வழியே நுழைபவர்க்கு அவ்வாயிலினின்று தெரிவதே பெரிதும் தெரியும் என்பதே நம் கருத்து. துணி மூட்டையோடு லயத்தின் வாயிலிற் போய் நின்றவர் கண்டது வேறு.

நடேசையர் 1947 நவம்பரில் காலமானார். அடுத்த ஆண்டே இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கிற்று. 1964 அக்டோபரில் சிறீமாவோ அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியாரும் செய்த உடன்படிக்கையின்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் என வகுக்கப்பட்டனர். எஞ்சிய 1,50,000 பேர் நிலை பின்பு முடிவு செய்யப்படுவதாயிற்று. பாட்டன் பிறந்த ஊர் என்று மீண்டு வந்தோரைச் ‘சிலோன்காரர்’ என்று அயலாராகவே நோக்கிய ஊர்கள் நம் தமிழ்நாட்டில் உண்டு. சென்றவிடத்தில் இந்தியர், வந்தவிடத்தில் சிலோன்காரர். இவ்விரண்டு பெயருக்கும் இடையில் அவர்தம் சொந்தப் பெயரைக் கேட்டவர் சிலரே.

இன்று துண்டும் இல்லை. காட்டு வழியும் இல்லை. ஆயினும் நம் பகுதி இளைஞர் வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் கட்டட வேலைக்கும் பிற வேலைகளுக்கும் செல்கின்றனர். முகவரிடம் கொடுக்கக் கடன் வாங்கிச் சென்று, முதலாண்டு ஊதியத்தை அக்கடனுக்கே செலுத்துவோர் உளர். கங்காணியின் முன்பணம் வேறுருக் கொண்டு வாழ்கின்றது என்பதன்றி இதனை வேறென்னென்பது? 2020-இல் நோய்த்தொற்று சிங்கப்பூரைத் தாக்கியபோது மிகுதியும் துன்புற்றோர், பலர் ஓரறையில் நெருங்கி வாழும் விடுதிகளிலிருந்த அயல்நாட்டுத் தொழிலாளரே.

நம் சங்கத்தார் திருமணத்துக்கும், கோயில் வழிபாட்டுக்கும், பிள்ளைகளைக் காணவும் அந்நாடுகளுக்குச் செல்வது இக்காலத்தில் மிகுந்துள்ளது. மாளிகைகளையும் கடைவீதிகளையும் கண்டு மீளும் அன்பர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையேனும் சிராங்கூன் சாலை போன்ற, தொழிலாளர் கூடும் இடங்களுக்குச் செல்வாராக. எந்த ஊர் என்று கேட்பாராக. எந்தக் குலம் என்று கேளாதொழிவாராக. சம்பளச் சீட்டும் ஒப்பந்தமும் கையில் உள்ளனவா, கடவுச்சீட்டைத் தாமே வைத்துள்ளனரா என்று வினவுவாராக. வீட்டுக்குச் சொல்லவேண்டிய செய்தி இருப்பின் அதனைக் கொணர்ந்து சேர்ப்பாராக. புறப்பட இருக்கும் இளைஞர்க்கோ, முகவர் அரசாங்கப் பதிவு பெற்றவரா என்று சென்னையிலுள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் விசாரித்த பின்னரே பணம் கொடுக்குமாறு பெரியோர் அறிவுறுத்துவாராக.

மூட்டை சுமந்து லயம் புகுந்த நடேசையருக்கு அக்காலத்தில் வேடம் வேண்டியிருந்தது. நமக்கு அதுவும் வேண்டுவதில்லை. வேண்டுவது சிறிது நேரமும், தமிழில் இரண்டு சொல்லும், கேட்டதை மறவாது ஊருக்குக் கொண்டுவரும் மனமுமே. அம்மனத்தை நம் குடும்பங்கள் வளர்ப்பனவாக.