அபிகாயில் அம்மையார் எழுதிய உயில்

அமெரிக்காவின் இரண்டாவது அதிபர் ஜான் ஆடம்ஸின் துணைவியார் அபிகாயில் என்றதும் பலருக்கு நினைவு வருவது ஒரு கடிதம். 1776 மார்ச் 31-ஆம் நாள், பிலடெல்பியாவில் விடுதலைப் பேரவையில் இருந்த கணவருக்கு, புதிய சட்டங்களை இயற்றும்போது பெண்களை மறந்துவிட வேண்டாம் என்று எழுதினார். சிரிப்புத்தான் வருகிறது என்று பதில் போட்டார் ஜான். கதையை இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அதற்குப் பிறகு நடந்ததே பெரிதாகப் படுகிறது.

அபிகாயில் 1744-இல் மாசசூசெட்ஸில் பாதிரியார் ஒருவரின் மகளாகப் பிறந்தவர். பள்ளிக்கூடம் போனதில்லை. 1764-இல் திருமணம். கணவர் நாட்டுப் பணிக்காக ஆண்டுக்கணக்கில் வெளியூரிலும் ஐரோப்பாவிலும் இருக்க, பண்ணையும் பிள்ளைகளும் இவர் பொறுப்பு.

அன்றைய சட்டப்படி மணமான பெண் சம்பாதித்தாலும் அது கணவரின் பணம்தான். அம்மையார் இதை எதிர்த்து வழக்காடவில்லை. ஜான் ஐரோப்பாவிலிருந்து அனுப்பிய குண்டூசி, கைக்குட்டை போன்ற சாமான்களை விற்று லாபம் பார்த்தார். பிறகு விலை வீழ்ந்து கிடந்த அரசாங்கக் கடன் பத்திரங்களை வாங்கினார். ஜானுக்கு நிலம் வாங்குவதில்தான் ஆசை. அம்மையாரோ சிற்றன்னையின் கணவர் காட்டன் டஃப்ட்ஸ் மூலமாகப் பத்திரங்களைச் சேர்த்தார். 1790-இல் மத்திய அரசு அந்தக் கடன்களை ஏற்றுக்கொண்டதும் நல்ல ஆதாயம். அப்பத்திரங்களை மலிவாக விற்றவர்களில், சம்பளத்துக்குப் பதிலாக அவற்றைப் பெற்ற ஏழைப் போர்வீரர்களும் உண்டு. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இந்தச் சேமிப்பில் ஒரு பகுதியைத் தம் சொந்தப் பணம் என்றே கடிதங்களில் குறிப்பிட்டு வந்தார். 1816 ஜனவரியில், 71 வயதில், உடல் நலிந்திருந்தபோது தம் கைப்பட உயிலும் எழுதினார். கணவர் உயிரோடு இருக்க மனைவி எழுதும் உயில் சட்டப்படி செல்லாது. அது அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

மகன்களுக்குப் பெயருக்கு ஏதோ கொடுத்தார். பேரன்களுக்கு ஒன்றுமில்லை. மற்றதெல்லாம் பேத்திகள், மருமகள்கள், உடன்பிறந்தோரின் மகள்கள், வேலைக்காரப் பெண்கள் என்று பெண்களுக்கே. அவர்களில் பலர் மணமானவர்கள். சட்டத்தின் கண்ணில் தங்களுக்கென்று பணம் வைத்துக்கொள்ள முடியாதவர்கள்.

1818 அக்டோபர் 28-ஆம் நாள் விஷக்காய்ச்சலால் அம்மையார் காலமானார். ஜான் நினைத்திருந்தால் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டிருக்கலாம். கேட்க ஆளில்லை. ஆனால், 1776-இல் சிரித்த அதே மனிதர், அதில் எழுதியிருந்தபடியே அவரவர் பங்கைக் கொடுக்கச் செய்தார்.