ஐசோனியாசிடும் கணினி வரைபடமும்

1956இல் சென்னையில் தொடங்கப்பெற்ற காசநோய் வேதிச்சிகிச்சை மையம், ஐசோனியாசிட் அடங்கிய கூட்டுமருந்தை வீட்டிலிருந்தே உட்கொள்வது சானடோரியச் சிகிச்சைக்கு ஈடானது என 1959இல் காட்டியது. அம்மருந்து கிருமியின் எவ்விடத்தைத் தாக்குகிறது என்பது அன்று தெளிவாகவில்லை. செல்சுவருக்கு இன்றியமையாத மைக்கோலிக் அமிலத்தை ஆக்கும் வினைத்தொடரில் பங்குகொள்ளும் இன்எச்ஏ நொதியே அதன் இலக்கு என 1994இல்தான் இனங்காணப்பட்டது.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் கார்த்திக் ராமன், பிரீத்தி ராஜகோபாலன், நாகசுமா சந்திரா ஆகியோர் 2005இல் இவ்வினைத்தொடரைக் கணினியில் அமைத்தனர்: 197 வளர்சிதைப் பொருள்கள், 219 வினைகள், 28 புரதங்கள். வினைகளின் வேகமாறிலிகள் பெரும்பாலும் கிட்டாதவை. ஆதலின் ஒவ்வொரு பொருளின் வரவும் செலவும் சமன்படும் நிலையைக் கொண்டே அமில விளைச்சலைக் கணித்தனர். ஒரு மரபணுவை நீக்கியதும் அமிலம் விளையாதெனில், அதன் புரதம் மருந்திலக்காகக் கருதத்தக்கது. மனிதப் புரதத்தை ஒத்திருப்பின் விலக்கத்தக்கது.

பரிணாமமோ இவ்வரைபடத்துக்குள் அடங்கி நிற்கவில்லை. ஐசோனியாசிட்டைச் செயலுறச் செய்வது கிருமியின் கேட்-ஜி நொதி. அதன் மரபணு பழுதுற்றால் இன்எச்ஏ மாறாமலேயே கிருமி தப்பிவிடுகிறது. எதிர்ப்புத்திறனின் மிகப் பரவலான வழியும் இதுவே. கேட்-ஜி மைக்கோலிக் அமிலத்தை ஆக்கும் நொதியன்று. ஆகவே அவ்வினைத்தொடரை மட்டும் கொண்ட கணக்கில் இத்தப்பிப்புத் தென்பட வழியில்லை. இதனை ஆய்வாளர்தம் பிழை என்பதற்கில்லை. அவர்கள் எழுப்பிய வினா வேறு. 2007இல் ஜாம்ஷிதியும் பால்சனும் 661 மரபணுக்களைக் கொண்ட வலையமைப்பை வெளியிட்டபோது கணக்கின் எல்லை பன்மடங்கு விரிந்தது.