நாராயண பிள்ளையின் சூளையும் கடலூர்க் கொத்தர்களும்

சிங்கப்பூரில் கட்டுமானத் தொழிலை முதன்முதலில் நிறுவன முறையில் தொடங்கியவர் ஒரு தமிழர். பெயர் நாராயண பிள்ளை. 1819 மே 31 அன்று கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ராஃபிள்ஸ் இரண்டாம் முறையாக அத்தீவில் இறங்கியபோது 'இந்தியானா' கப்பலில் பினாங்கிலிருந்து அவருடன் வந்தவர். அவரைப் பற்றிய எழுத்துகளில் பெரும்பாலானவை அவரைத் தனித்து நிற்கும் முன்னோடியாகவே காட்டுகின்றன. இக்கட்டுரை அவரை ஒரு வரிசையில் வைத்துப் பார்க்கிறது. கடலூர், பரங்கிப்பேட்டை, சிதம்பரம், விருத்தாசலம் என விரியும் பழைய தென்னார்க்காட்டின் கைவினை மரபும் கப்பல் வழியும் சேர்ந்து உருவாக்கிய வரிசை அது. பிள்ளையிடம் இருந்த உண்மையான மூலதனம் செங்கல் அன்று. எந்த வேலைக்கு யாரை எங்கிருந்து வரவழைக்கலாம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது என்பதே இங்கு முன்வைக்கப்படும் கருத்து.

கடற்கரையிலிருந்து தொடங்க வேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனி 1690-இல் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கியது. கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு போய் விழும் எல்லை வரை கம்பெனிக்குச் சொந்தம் என்று பேசி, அவ்வாறு கிடைத்த ஊர்களுக்குக் 'குண்டு கிராமங்கள்' என்று பெயர் வந்த கதை கடலூரில் பலரும் அறிந்தது. சென்னையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்த 1746 முதல் 1752 வரை சோழமண்டலக் கரையில் கம்பெனியின் தலைமையிடமே கடலூர்தான். கம்பெனியின் கணக்கு, துணிக் கொள்முதல், நாணயச் சோதனை ஆகியவற்றில் பழகிய தமிழர்களைத் தலைமுறை தலைமுறையாக உருவாக்கிய கரை இது. தெற்கே பரங்கிப்பேட்டையிலிருந்து மரக்காயர்கள் மலாக்காவுக்கும் அச்சேக்கும் சாயத்துணி ஏற்றிச் சென்றார்கள். 1786-இல் பினாங்கு கம்பெனியின் கைக்கு வந்ததும் அதே வழியில் கூலியாட்களும் கைவினைஞர்களும் போகத் தொடங்கினர். சோழமண்டலக் கரையிலிருந்து வரும் கப்பல்கள் ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 பேர் வரை கொண்டுவருவதாக 1790களில் பினாங்குக் கண்காணிப்பாளர் ஃபிரான்சிஸ் லைட் எழுதினார். சிங்கப்பூர் தொடங்கப்படுவதற்கு முன்பே அங்கு வேலை செய்யக்கூடிய தமிழர்கள் பினாங்கில் திரண்டிருந்தனர் என்பதுதான் இதன் பொருள்.

நாராயண பிள்ளை அப்படித் திரண்டவர்களில் ஒருவர். கம்பெனி எழுத்தர். சிங்கப்பூரில் அவருக்குக் கிடைத்த முதல் வேலை கருவூலத்தில் தலைமை எழுத்தர் பணி. நாணயங்களை எடைபோட்டு நல்லது கெட்டது பார்ப்பது. அந்த வேலையில் அவர் நெடுநாள் நிலைக்கவில்லை. வந்திறங்குவோர் எல்லாருக்கும் கூரை வேண்டியிருந்தது. தீவில் கட்டுமானப் பொருள் இல்லை. தஞ்சோங் பகாரில், பின்னாளில் வாலிச் குன்று என அழைக்கப்பட்ட மேட்டின் அடிவாரத்தில் அவர் செங்கல் சூளை போட்டார். சிங்கப்பூரின் முதல் சூளை அது. கொத்தர்களையும் தச்சர்களையும் துணி வணிகர்களையும் அனுப்பச் சொல்லிப் பினாங்குக்கு ஆள் விட்டார். சூளைக்காரர், குத்தகைதாரர், ஆள் சேர்ப்பவர் என்ற மூன்று பணிகளையும் ஒருவரே பார்த்தார். இன்றைய கட்டுமான நிறுவனத்தின் அடிப்படை அமைப்பும் இதுவே.

ஊர்த் திட்டமும் அவருக்குக் கைகொடுத்தது. 1822-இல் ராஃபிள்ஸ் அமைத்த நகரக் குழுவுக்குத் தரப்பட்ட அறிவுரைகளில், வீடுகள் செங்கல்லும் ஓடும் கொண்டு கட்டப்பட வேண்டும், முகப்பில் தொடர் தாழ்வாரம் விட வேண்டும் என்பதும் அடக்கம். சிங்கப்பூர்த் தமிழர் பேச்சில் 'அஞ்சடி' ஆகிப்போன நடைபாதை அங்கிருந்து வந்ததுதான். செங்கல்லைச் சட்டமே கேட்கும் ஊரில் செங்கல் சூளை வைத்திருப்பவருக்கு வேறு என்ன வேண்டும்!

ஆனால் அவர் செங்கல்லோடு நிற்கவில்லை. கிராஸ் தெருவில் பருத்தித் துணிக்கடை வைத்தார். இந்திய வணிகர்களில் முதன்மையானவராக உயர்ந்தார். 1822-இல் அந்தக் கடை தீக்கிரையானது. சரக்கு கடனுக்கு எடுத்தது. கொடுத்தவர்கள் பிரிட்டிஷ் வணிகர்கள். அவர்கள் தவணை கொடுத்ததாலும், ராஃபிள்ஸ் வணிகச் சதுக்கத்தில், அதாவது இன்றைய ராஃபிள்ஸ் பிளேஸில், நிலம் ஒதுக்கியதாலும் பிள்ளை மீண்டார். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த மக்களுக்குத் தலைவராகவும் அவர் ஏற்கப்பட்டார். தமிழர்களுக்குள் எழும் வழக்குகளைத் தீர்க்கும் அதிகாரம் அவரிடம் இருந்தது. இந்த எழுச்சியைத் தனிமனித உழைப்பின் வெற்றி என்று மட்டும் சொல்வது அரைகுறை. ஆட்சியாளரின் நிலமும் கடன் கொடுத்தவரின் பொறுமையும் இல்லாமல் அவர் எழுந்திருக்க முடியாது. அவர் இல்லாமல் ஆட்சிக்கும் கரைமக்களை ஒழுங்கில் வைக்க ஆள் கிடைத்திருக்காது.

அவர் பெயரை நிலைநிறுத்தியது மாரியம்மன் கோயில். முதலில் தெலுக் ஆயர் தெருவில் இடம் கொடுத்தார்கள். வழிபாட்டுக்கு வேண்டிய நன்னீர் அங்கே இல்லை. 1821-இல் ஸ்டாம்ஃபோர்ட் கால்வாய் அருகே கிடைத்த இடமோ அடுத்த ஆண்டு நகரத் திட்டத்தால் கைநழுவியது. 1823-இல் சவுத் பிரிட்ஜ் சாலையில் இடம் உறுதியானது. 1827-இல் மரமும் அத்தாப்பு ஓலைக் கூரையும் கொண்ட எளிய கோயில் எழுந்தது. பிள்ளை அதில் சின்ன அம்மனை நிறுவினார். ஊருக்கே செங்கல் சுட்டவர் எழுப்பிய முதல் கோயிலில் செங்கல் இல்லை. இன்றுள்ள கட்டடத்தின் மிகப் பழைய செங்கல் பகுதி 1843-ஐச் சேர்ந்தது. அதைக் கட்டியவர்கள் நாகப்பட்டினம், கடலூர்ப் பகுதிகளிலிருந்து வந்த கைவினைஞர்கள் என்று கோயில் மரபு சொல்கிறது.

கடலூர்க் கொத்தர்களுக்கு அந்த வேலை எங்கிருந்து கைவந்தது என்று கேட்டால் சிதம்பரத்தைக் காட்ட வேண்டும். நடராசர் கோயிலின் நான்கு ஏழுநிலைக் கோபுரங்களும் கீழே கருங்கல், மேலே செங்கல்லும் காரையும் சுதையும். கல்தச்சர் கையிலிருந்து கொத்தர் கைக்கு வேலை மாறும் இடம் அந்தக் கோபுரத்திலேயே தெரியும். கல்லுக்கு அழிவில்லை; சுதைக்கு ஆயுள் குறைவு. ஒவ்வொரு குடமுழுக்குக்கும் சாரம் கட்டி, உதிர்ந்த விரலையும் மூக்கையும் திருத்தி, வண்ணம் பூச வேண்டும். ஆகவே கோபுரம் இருக்கும் வரை கொத்தர் குடும்பங்களுக்கு வேலை உண்டு. மகன் தந்தையிடம் கற்பான். கிருஷ்ணதேவராயர் தம் கொடையாகக் கல்வெட்டில் பொறித்த வடக்குக் கோபுரத்தில் விருத்தகிரியைச் சேர்ந்த கட்டடக் கலைஞர்களின் உருவங்கள் பெயர்ப் பொறிப்போடு உள்ளன. விருத்தகிரி என்பது விருத்தாசலம். இன்றைய கடலூர் மாவட்டம். அரசனின் உருவம் நிற்கும் கோபுரத்தில் தச்சருக்கும் இடம் கிடைத்த அரிய எடுத்துக்காட்டு இது. கடல் கடந்த கொத்தர்களுக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. மாரியம்மன் கோயில் வரலாற்றில் அவர்களுடைய ஊர்ப்பெயர் மட்டுமே தங்கியது.

ஊர்ப்பெயரை மட்டும் நம்பிக் கடலூர்த் தொடர்பை நிறுவிவிடலாமா என்று கேட்பவருக்குக் கோயிலுக்குள்ளேயே சான்று உண்டு. மாரியம்மனுக்கு அடுத்த சிறப்பு அங்கே திரௌபதி அம்மனுக்கு. அரவானும் இருக்கிறார். 1840களிலிருந்து தீமிதி நடந்துவருகிறது. மாரியம்மன், திரௌபதி, அரவான், தீமிதி என்ற இந்தச் சேர்க்கை சோழமண்டலக் கரை முழுவதற்கும் பொதுவானதன்று. திரௌபதி வழிபாட்டை விரிவாக ஆராய்ந்த ஆல்ஃப் ஹில்டபைட்டல் அதன் மையமாகச் செஞ்சி வட்டாரத்தைக் காட்டுகிறார். அரவானுக்குப் பெயர்பெற்ற கூவாகமும் பழைய தென்னார்க்காட்டு ஊரே. 1993-இல்தான் அந்த மாவட்டம் கடலூர், விழுப்புரம் எனப் பிரிந்தது. கட்ட வந்தவர்கள் தங்கள் ஊர்ச் சாமிகளையும் உடன் கொண்டுவந்தார்கள் என்று கொள்வதே பொருத்தம். ஆவணம் எழுதாதவர்கள் விட்டுச்சென்ற ஆவணம் சடங்குதான் என்பேன்.

பிள்ளைக்குப் பின் தொழில் எப்படிப் போனது? முதலாளி நிலையில் தமிழர் பிடி தளர்ந்தது. கட்டட வேலையில் சீனக் கைவினைஞர்களும் குத்தகைதாரர்களும் முன்னுக்கு வந்தனர். அரசுக் கட்டடங்களுக்கோ கூலியே தேவைப்படவில்லை. 1825 முதல் இந்தியக் கைதிகள் கொண்டுவரப்பட்டார்கள். அவர்கள் உழைப்பில் 1856-இல் தொடங்கிய புனித ஆண்ட்ரூ பேராலயத்தின் உட்சுவர்ப் பூச்சு 'மெட்ராஸ் சுண்ணாம்பு'. கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டை வெண்கரு, வெல்லம், தேங்காய் மட்டை ஊறிய நீர் எனக் கைதிகளை மேற்பார்த்த மக்நேர் 1899-இல் வெளியிட்ட நூலில் அதன் செய்முறையைப் பதிந்திருக்கிறார். வெல்லச்சாறும் கடுக்காய்ச்சாறும் கலந்து காரை அரைக்கும் நம்மூர்க் கொத்தர் முறைக்கு அது நெருங்கிய உறவு. சிராங்கூன் சாலைப் பக்கத்துச் சுண்ணாம்புச் சூளைகளால் அங்கே ஒரு பகுதிக்கே தமிழர் 'சுண்ணாம்புக் கம்பம்' என்று பெயர் வைத்தார்கள். ஆக, நுட்பம் தமிழரிடம் இருந்தது, குத்தகை இல்லை. முதலாளியாக நுழைந்த சமூகம் ஒரு தலைமுறைக்குள் கட்டுமானத்தில் கூலியாகவும் கைதியாகவும் சுருங்கியதற்கு, பிள்ளைக்குக் கிடைத்த நிலமும் தவணையும் அடுத்தவருக்குக் கிடைக்காததே முதன்மைக் காரணம் என்று கருத இடமுண்டு.

2019-இல் சிங்கப்பூரின் இருநூற்றாண்டையொட்டி ஆற்றங்கரையில் ராஃபிள்ஸ் சிலையருகே நான்கு சிலைகள் சிலகாலம் வைக்கப்பட்டன: சங் நீல உத்தமன், தான் தோக் செங், முன்ஷி அப்துல்லா, நாராயண பிள்ளை. 1973-இல் தேசிய நினைவுச் சின்னமான மாரியம்மன் கோயிலுக்கு 2023 பிப்ரவரி 12 அன்று குடமுழுக்கு நடந்தது. அதற்கான சுதை, வண்ண வேலைக்கு இந்தியாவிலிருந்தே கைவினைஞர்கள் வரவழைக்கப்பட்டனர். அதே ஊரின் அடுக்குமாடிகளுக்குக் கம்பி கட்டப் போகும் கடலூர், சிதம்பரம் இளைஞர்கள் தமிழகத்திலேயே திறன்தேர்வில் தேறி, பலர் கடன் வாங்கி முகவருக்குப் பணம் கட்டி, வேலை அனுமதிச் சீட்டோடு கிளம்புகிறார்கள். நாராயண பிள்ளையிடம் ஒன்றாக இருந்த ஆள்சேர்ப்பும் குத்தகையும் இப்போது வெவ்வேறு கைகளில் இருக்கின்றன. ஆள்சேர்ப்பின் செலவு பெரும்பாலும் போகிறவன் தலையில்.