பஞ்சமி நிலத்தில் மஞ்சள் கல்

எங்கள் ஊர்க் காலனிக்கும் ஏரிக்கரைக்கும் நடுவில் ஒரு மேட்டுக்காடு. செஞ்சி – திண்டிவனம் ரோட்டிலிருந்து இறங்கி வருகிறவர்களுக்கு ஊரில் முதலில் தெரிவது அதுதான். ஒரு நாள் காலையில் பார்த்தால் வேலிக்காத்தானையெல்லாம் பிடுங்கிப் போட்டு, செம்மண் கொட்டிப் பாதை அடித்து, வரிசை வரிசையாக மஞ்சள் கல் நட்டிருந்தார்கள். ரோட்டோரம் ஒரு வளைவு. வளைவில் ஏதோ ஒரு 'நகர்'. கையில் கொடுத்த நோட்டீசில் ராஜகிரிக் கோட்டைப் படம். 2025 ஜூலையில் மராத்தியர் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததே, அதில் தமிழ்நாட்டில் இருப்பது செஞ்சி ஒன்றுதான். அந்தப் பெருமையையும் சதுரஅடிக் கணக்கில் விற்கத் தொடங்கிவிட்டார்கள்.

எங்க ஆயா நோட்டீசைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டது: "அது டி.சி. நெலமாச்சேடா. அதுல எவன் கல்லு நட்டது?"

இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

செஞ்சிக்காரன் எவனைக் கேட்டாலும் கோட்டையின் வரலாற்றை ஒப்பிப்பான். 1677-இல் சிவாஜி பிடித்தார், 1698-இல் மொகலாயர் பிடித்தனர், 1714-இல் தேசிங்கு செத்தான், 1750-இல் பிரெஞ்சுக்காரன், 1761-இல் இங்கிலீஷ்காரன். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரதுர்க்கம் என்று மூன்று மலைப் பெயரும் சொல்வான். சக்கிலிதுர்க்கம் என்று நூல்களில் குறிக்கப்படும் நாலாவது குன்று ஒன்றுண்டு. அந்தப் பெயர் மட்டும் வாயில் வராது. கோட்டை கைமாறிய வருஷமெல்லாம் இப்படி மனப்பாடமாக இருக்கிறது. சேரிக்காரன் நிலம் எந்த வருஷம், எந்தத் திண்ணையில், என்ன விலைக்குக் கைமாறியது என்று கேளுங்கள். பதில் சொல்ல ஆள் இல்லை. அது வரலாறு இல்லையாம், வில்லங்கமாம்.

அந்த வில்லங்கத்தின் கதை 1891-இல் தொடங்குகிறது. செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர் அந்த மாவட்டத்துப் பறையர் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். ஆடம் ஆண்ட்ரூ, வில்லியம் கௌடி போன்ற பாதிரிமார்களும் அப்போது இதையே சத்தம் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தரிசு நிலம் கேட்டு ஒரு பறையன் தர்காஸ்து மனு போட்டால், அந்த ஊர் மிராசுதாருக்குத்தான் முன்னுரிமை. அவன் உழமாட்டான், உழுகிறவனுக்கும் விடமாட்டான். நிலம் கிடக்கட்டும், குடிசை போட்டிருக்கிற மண்ணே மிராசுதாருடையது என்றார்கள். எதிர்த்துப் பேசினால் வீட்டைப் பிரித்துக்கொண்டு போக வேண்டியதுதான். ஆக, குடியிருக்கும் மனை என்பதே நம்மைக் கட்டிவைத்த கயிறாக இருந்திருக்கிறது. இன்றைக்கு மனை விற்கிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

அறிக்கையின் விளைவாக 1892 செப்டம்பர் 30-ஆம் தேதி அரசாணை 1010 வந்தது. ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்குத் தரிசு நிலங்களை ஒதுக்கித் தருவது. பத்து வருஷத்துக்கு அதை யாருக்கும் விற்கக் கூடாது. அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்குத்தான் விற்கலாம். மீறினால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளும். பஞ்சமி நிலம் என்பது இதுதான். மாகாணம் முழுக்கப் பன்னிரண்டு லட்சம் ஏக்கர் என்பது நம் மேடைகளில் சொல்லப்படும் கணக்கு. வெள்ளைக்காரத் துரையைக் கும்பிடுவதற்காக இதைச் சொல்லவில்லை. கொடுத்ததெல்லாம் மேடும் கல்லும் களரும்தான். நஞ்சையில் ஒரு காணியையும் தொடவில்லை. அந்தக் கல்லைப் பொறுக்கி மண்ணாக்கியது நம் பாட்டன்மார்.

எங்கள் மேட்டுக்காடும் அப்படி ஆனதுதான். தாத்தாவும் அவர் பங்காளிகளும் கல் பொறுக்கி, கரை போட்டு, மல்லாட்டையும் கேழ்வரகும் போட்டார்கள். பெரியத்தை கல்யாணத்துக்கு ஊர்த்தெருவில் ஒருவரிடம் நூற்றைம்பது ரூபாயும் மூணு மூட்டை கேழ்வரகும் வாங்கிக்கொண்டு தாத்தா கைநாட்டு வைத்தார். போக்கியம் என்று சொல்லித்தான் வைத்தாராம். "பேப்பர்ல இன்னா எழுதிச்சோ, படிச்சி சொல்ல யாரு இருந்தா?" என்கிறது ஆயா. வருஷா வருஷம் "இந்தப் போகம் போவட்டும்" என்றே நிலம் திரும்பாமல் போயிற்று. அப்புறம் நில உடைமை மேம்பாட்டுத் திட்டம் வந்தது, 1979 முதல் 1987 வரை. யார் அனுபவத்தில் இருக்கிறாரோ அவர் பேரில் பட்டா. கணக்கெடுக்க வந்தவர்கள் ஊர்த்தெருத் திண்ணையில் உட்கார்ந்து எழுதினார்கள். காலனிக்குள் வரவில்லை. பழைய பதிவேட்டில் இருந்த 'டி.சி.' என்ற ரெண்டு எழுத்து புதிய பதிவேட்டில் ஏறவில்லை. பல ஊர்க்காரர்களும் இதே கதையைத்தான் சொல்கிறார்கள்.

அதனால்தான் இன்றைக்கு முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தால் சுத்தமாக இருக்கிறது. திருட்டு நடந்தது அதற்கும் முன்னால்.

கல் நட்ட நிலத்தை எதிர்த்து நின்றால் என்ன நடக்கும் என்பதற்குக் காரணை சாட்சி. செங்கல்பட்டுப் பக்கத்துக் காரணையில் கைமாறிப் போன பஞ்சமி நிலத்தைத் திரும்பக் கேட்டு 1994-இல் தலித் மக்கள் திரண்டார்கள். நிலத்தில் அம்பேத்கர் சிலையை நிறுவினார்கள். போலீஸ் அதை அகற்றியது. சிலையையும் நிலத்தையும் கேட்டு அக்டோபர் 10-ஆம் தேதி செங்கல்பட்டில் கூடியவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் செத்தார்கள். மனு கொடுக்கத்தானே போனார்கள்? ஒவ்வொரு அக்டோபரிலும் அந்த இருவரின் படத்துக்கு மாலை போடுகிறோம். போட்டுவிட்டு நம் ஊர் அ-பதிவேட்டை எத்தனை பேர் எடுத்துப் பார்த்திருக்கிறோம்? நானும் பார்க்கவில்லை, மஞ்சள் கல் விழுகிற வரைக்கும்.

சட்டம் முழுக்க நமக்கு எதிராக இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பஞ்சமி நிலத்தில் மனை வாங்கியவர்கள் சங்கம் வைத்துத் தொடுத்த வழக்கு ஒன்றில், 2008-இல் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி கே. சந்துரு, நிபந்தனையை மீறித் தலித் அல்லாதாருக்குப் போன கைமாற்றம் செல்லாது என்று தீர்ப்பளித்தார். வீடு கட்டக் காசு போட்டவர்கள் பாவம் என்ற வாதம் நிற்கவில்லை.

ஆனால் ஊருக்குள் இந்தச் சண்டை நேர்கோட்டில் இல்லை. மஞ்சள் கல்லுக்குப் பெயிண்ட் அடித்ததே எங்கள் காலனிப் பிள்ளைகள்தான், நாள் கூலிக்கு. அவர்களைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. காலனியில் ஒரே தொகுப்பு வீட்டுக்குள் மூன்று குடும்பம் தட்டி மறைத்துக் குடியிருக்கிறது. வீடு கட்டாதே என்று யாரிடம் போய்ச் சொல்வது? நம் ஆளான வாத்தியார் ஒருவரே ஒரு மனைக்கு முன்பணம் கொடுத்திருக்கிறார். கூட்டத்தில் எழுந்து கேட்டார்: "டி.சி. நெலத்த நம்மாளு வாங்கலாம்னுதானே சட்டம் சொல்லுது? நான் வாங்கினா இன்னா தப்பு?"

கூட்டம் அடங்கிப் போயிற்று. பின்னால் உட்கார்ந்திருந்த சின்னம்மாதான் பதில் சொன்னார்: "நீ வாங்கலாம் சார். விக்கிறவன் யாரு? எங்க மாமனார் நெலத்த எங்களுக்கே விக்கிறான்ல?"

வாத்தியார் உட்கார்ந்துவிட்டார். முன்பணத்தைத் திரும்பக் கேட்டாரா என்று தெரியாது.

மனு கொடுத்த அலுவலகத்தில் "பட்டா அவங்க பேர்ல இருக்கே, நீங்க யாரு?" என்றார்கள். மூன்று மாதம் அலைந்து, தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு, மேல்முறையீடு போட்டு, பழைய செட்டில்மென்ட் பதிவேட்டின் நகலை வாங்கினோம். மங்கலான ஜெராக்ஸ். நாலு சர்வே எண். மூன்றில் குறிப்புக் கட்டத்தில் 'டி.சி.' என்று தெளிவாக இருக்கிறது. நாலாவதில் அந்த இடத்தில் காகிதம் கிழிந்திருக்கிறது. தாத்தா பேர் அதில்தான்.

விசாரணைக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். ஆட்டோ பேசி ஆயாவையும் கூட்டிப் போகிறோம். தாத்தா கைநாட்டு வைத்ததைப் பக்கத்தில் நின்று பார்த்த ஆள் இப்போது அது ஒன்றுதான் உயிரோடு இருக்கிறது.