ஓவியர்கள் வரைந்த விளையாட்டுச் சுவரொட்டிகள்

சுவரொட்டி, மழையிலும் வெயிலிலும் கிழிந்து போகும் தாள். அது சேகரிப்புக்குரிய கலைப்பொருளானதில் பன்னாட்டு விளையாட்டுப் போட்டிகளுக்குப் பெரும் பங்குண்டு.

1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கிற்கு ஓல்லே யோர்ட்ஸ்பெர்க் வரைந்த சுவரொட்டி பல மொழிகளில் அச்சாகிப் பல நாடுகளுக்கு அனுப்பப்பட்டது. அதன் நோக்கம் விளம்பரம். 1972 மியூனிக் ஒலிம்பிக்கிலோ, டேவிட் ஹாக்னி, ஜேக்கப் லாரன்ஸ், விக்டர் வாசரெலி முதலிய ஓவியர்களின் படங்கள் விற்பனைக்கென்றே அச்சிடப்பட்டன. ஓவியர் கையொப்பமிட்ட பிரதிகள் குறைவாகவும், கையொப்பமில்லாதவை மிகுதியாகவும் வெளிவந்தன. 1982 உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டிக்கு ஜோன் மிரோ வரைந்தார். கையொப்பம், அச்சு முறை, தாளின் நிலை ஆகியவற்றைக் கொண்டே சேகரிப்போர் இவற்றை மதிப்பிடுகின்றனர்.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஊர்களுக்கு அருகிலுள்ள சிவகாசியின் நாட்காட்டிப் படங்களும் இவ்வாறே மலிவு அச்சில் பரவிய ஓவியங்கள். கோவில்பட்டியில் வாழ்ந்த கொண்டையராஜு (1898–1976) வரைந்த தெய்வப் படங்கள் எண்ணற்ற வீடுகளை அடைந்தன. ஆண்டு முடிந்ததும் நாட்காட்டி பயனற்றதாயிற்று; ஆனால் தெய்வப் படத்தை எறிய மனமின்றிப் பலர் சட்டமிட்டு மாட்டினர். மியூனிக் சுவரொட்டிகள் அச்சிடும்போதே பாதுகாக்கத் திட்டமிடப்பட்டவை. சிவகாசிப் படங்களுக்கோ பூஜை அறைகளே காப்பகமாயின. பழைய வீடுகள் இடிபடும்போது அக்காப்பகமும் அழிகிறது.